பல்லில் கவ்விய பாட்டு

பூங்காவனத்தின் முதல் பாட்டு ஒரு முனகலில்தான் தொடங்கியது. கடலூர் ஓல்டு டவுனில் மளிகைக்கடை மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ஆரோக்கிய ஜெகன் அதை வெட்டி எறிந்தான்.

“அக்கா, பாட்டுக்கு முன்னாடி மூக்காலயே ம்ம்ம்னு ஒரு சத்தம் வருதே, அது இன்னா?”

“நான்தான் தம்பி. பாட ஆரம்பிக்கறப்ப தானா வந்துடுது.”

“கேக்குறவன் ஃபேன் ஓடுதுன்னு நெனச்சுக்குவான். தூக்கிடட்டா?”

“தூக்கிடு. அதுவும் பாட்டா இன்னா?”

ஜெகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன். மற்ற நாட்களில் கல்யாண வீட்டுக் கச்சேரி. பாட்டில் ஒரு இருமல் விழுந்தாலும் முகம் சுளிப்பான். முனகலை எடுத்துவிட்டு, உடுக்கைச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, பாட்டைச் சுத்தமாக்கிக் கொடுத்தான். அவள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். எதை இழந்தோம் என்று இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தெரியவில்லை.

பூங்காவனம் இருளர் வீட்டுப் பெண். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். சூளையில் கை ஓயாது, ஆனால் வாய் சும்மா இருக்கும். அச்சில் மண் அறைந்துகொண்டே அந்தப் பெண்கள் மேஸ்திரியைக் கேலி செய்து பாட்டுக் கட்டுவார்கள். மேஸ்திரி பக்கத்தில் வந்தால் அதே மெட்டில் மாரியாத்தா பாட்டாக மாற்றிவிடுவார்கள். அந்தப் பழக்கம் அவளிடம் ஒட்டிக்கொண்டது. அவள் குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. மேலே போனால் பிளக்கும். தாளம் சில சமயம் நழுவும். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவள் பாட்டு முடிந்ததில்லை. நன்றாகப் பாடுகிற பலரிடம் அது இல்லை.

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே உப்பாற்றை ஒட்டிய மேட்டில் இருளர் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே ஆண்டியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அவள் தண்ணீரைப் பழகினாள். அங்கே வலை கிடையாது, படகு கிடையாது. நீர் வற்றும் நேரத்தில் பெண்கள் வரிசையாகக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுவதற்குப் பனையோலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் பூங்காவனத்தின் வாயிலிருந்து பறி நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. இரண்டாம் நாள் ஈறு வீங்கியது. ஆண்டியின் அக்கா பட்டம்மாள் கரையேறி வந்து சிரித்தாள்.

“எங்க தம்பி செங்கல்ல கடிச்சுப் பழகுன பொண்ணக் கட்டிக்கினு வந்துட்டான். பாத்துடி, ஓடையையே கடிச்சு வெச்சிடப் போற!”

“பேசாத அண்ணி. வாய் வலிக்குது.”

“வாய் வலிச்சா நல்லதுதான். ஊருக்கு நிம்மதி.”

பல்லில் பறி இருக்கும்போது யாரும் பேச முடியாது. அதனால் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, முனகல்தான். பக்கத்தில் இருக்கிறேன் என்பதற்கு ஒரு இழுவை. இறால் அடைந்திருக்கிற குழி கிடைத்துவிட்டால் அது கொஞ்சம் உயரும். காலடியில் முள் குத்துகிற திருக்கை மீன் கிடந்தால் சட்டென்று அறுபடும். ஒருத்தி தொடங்கினால் வரிசை முழுக்க அது ஓடி, தண்ணீர் மேலேயே தவழ்ந்து போகும். அதை அங்கே யாரும் பாட்டு என்று நினைத்ததில்லை. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயர் வைக்காத ஒன்றை யாரும் தொலைப்பதுமில்லை, தேடுவதுமில்லை.

பூங்காவனம் பாட்டோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது பிறகுதான். திருட்டு எங்கே நடந்தாலும் முதலில் இருளர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களே, அதைப் பாடினாள். சாதிச் சான்று இல்லாமல் பள்ளிக்கூடப் படியில் நிற்கிற பெண் பிள்ளையைப் பாடினாள். மனைப்பட்டா கேட்டு ஒரு தலைமுறையாக அலைகிறவர்களைப் பாடினாள். கம்மாபுரம் பக்கத்துக் குடியிருப்புகள் வரைக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். சிதம்பரத்தில் ஒரு கலைவிழா மேடையிலும் பாடினாள். கைதட்டல் மண்டபத்தை நிரப்பியது. சால்வை போட்டார்கள். “என்ன ஒரு மண்வாசனை!” என்று ஒருவர் மைக்கில் சொன்னார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வரும்போது அவள் ஆண்டியிடம் கேட்டாள்.

“மாமா, கை தட்டுனாங்களே, பட்டா வாங்கித் தருவாங்களா?”

“தட்டுன கையி வலிக்கும்ல? ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கித் தருவாங்க.”

அவள் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. பாராட்டு என்பதும் ஒருவரை வழியனுப்பி வைக்கிற முறைதான். அநேகமாக அதுதான் மிகவும் மரியாதையான முறை. அவளுக்கு அது இந்தச் சொற்களில் தெரியாது. தோளில் கிடந்த சால்வை கனத்தது, அவ்வளவுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஓடையை அடைத்தார்கள்.

குடியிருப்புக்குக் கிழக்கே உப்பாற்றிலிருந்து பிரிந்து வருகிறது நண்டோடை. அரசுப் புறம்போக்கு. உப்பாற்றின் மற்ற இடங்களில் ஆழம் அதிகம், படகும் வலையும் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது ஆகும். கையால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கு நண்டோடை ஒன்றுதான் இருந்தது. அதன் கரையில் இறால் பண்ணை வைத்த ஞானசேகரன், ஓடையின் வாயில் இரும்புக் கேட்டும் இரண்டு பக்கம் கம்பிவேலியும் போட்டுப் பூட்டினார். காவலுக்கு ஆள் வைத்தார். ஓடையை யாரும் உபயோகிக்கவில்லை, தூர்ந்து கிடந்ததை நான்தான் பராமரிக்கிறேன் என்பது அவர் கட்சி.

பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். பிறகு பிச்சாவரம் பக்கம் வரைக்கும் நடந்துபோய், அங்கே தடவுகிறவர்களின் இடத்தில் கெஞ்சி இறங்கினார்கள். அங்கேயும் எத்தனை நாளைக்கு இடம் கொடுப்பார்கள்? சூளைக்கு ஆள் பிடிக்கிற தரகர் ஒருவர் குடியிருப்புக்குள் வந்து போக ஆரம்பித்திருந்தார். ஓடை இல்லாவிட்டால் அடுத்து என்ன என்று பூங்காவனத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிறந்த இடத்துக்கே மொத்தக் குடியிருப்பும் போகும்.

கடலூரில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு வரிசைகளில் நின்றார்கள். சிதம்பரத்துக்கும் அலைந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். “நீங்க அங்க மீன் புடிச்சதுக்கு ஆதாரம் என்ன?” படகு இருந்தால் நம்பர் இருக்கும். சங்கம் இருந்தால் அட்டை இருக்கும். கையை மட்டும் வைத்துப் பிழைத்தவர்கள் எதைக் காட்டுவது? தண்ணீரில் காலடி பதிவதில்லை. எதையும் சேதப்படுத்தாமல் ஓரிடத்தில் வாழ்ந்தவர்கள்தான் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

பூங்காவனம் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். பாட்டுக் கட்டினாள்.

ஆத்துக்கு யாரு பட்டா குடுத்தா?
அலைக்கு யாரு வேலி அடிச்சா?
நண்டு நடக்குற பாதைக்கெல்லாம்
ஞானசேகரா, கேட்டு எதுக்கு?

பாட்டு போன்களில் பரவியது. பரங்கிப்பேட்டை டீக்கடைகளில் ஓடியது. ஞானசேகரன் பைக்கில் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைசி வரியை இழுத்துக் கத்தின. அவர் நேராகப் போலீசில் புகார் கொடுத்தார். பேரைச் சொல்லிக் கேவலப்படுத்துகிறாள், பாட்டால் கலவரம் வரும் என்று.

சிதம்பரத்தில் சப்-கலெக்டர் முன்னால் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கு அலுவலகத்துக்கு எதிரே திரண்டு நிற்க இருளர்கள் அனுமதி கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் பூங்காவனத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஆனித் திருமஞ்சனக் கூட்டம் ஊருக்குள்ள வந்தாச்சு. நிக்கறதுன்னா நில்லுங்க. மைக் கெடையாது, கோஷம் கெடையாது. முக்கியமா பாட்டு கெடையாது. ஒருத்தர் வாயத் தொறந்தாலும் எல்லாரையும் வேன்ல ஏத்திடுவேன். புரியுதாம்மா?”

“பாடாம நின்னா நாங்க நிக்கறதே தெரியாதுங்களே சார்.”

“தெரியலைன்னா ரொம்ப நல்லது.”

அவள் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறார்கள்.

“என்னைய எதுக்கு அப்புறம் கூப்புடுறீங்க? வாயக் கட்டிக்கினு நிக்கறதுக்கு நான் எதுக்கு?” என்று பொரிந்தாள்.

பட்டம்மாள் வாசலில் பறிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“நாங்க பொறந்ததுலேர்ந்து வாயக் கட்டிக்கினுதான் பொழைக்கிறோம். உனக்கு ஒரு நாளு கஷ்டமா இருக்குதா?”

சொல்லிவிட்டு, கயிறு கெட்டியா என்று பார்க்கப் பல்லில் கவ்வி இழுத்தாள். கவ்வியதும் பழக்கத்தில் மூக்கிலிருந்து அந்த முனகல் வந்தது.

பூங்காவனம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாகக் காதுக்குள்ளேயே இருந்ததை அப்போதுதான் கேட்டாள். இறங்கிப்போய் நாத்தனாரின் முன்னால் குந்தினாள்.

“அண்ணி, இன்னொரு தரம்.”

பட்டம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். “இன்னா இன்னொரு தரம்? பைத்தியம் புடிச்சிருச்சா?”

பேச்சுவார்த்தை நாளன்று காலைப் பாசஞ்சர் ரயிலில் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பிச்சாவரம் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு பறி. சிதம்பரம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பட்டம்மாள் கயிற்றைப் பல்லில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். தண்ணீருக்குள் போவதைப் போலவே வரிசையாக, ஒருத்தி தோளை ஒருத்தி கை எட்டும் தூரத்தில், நடந்தார்கள்.

முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. திருவிழாக் கூட்டத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் கூவுவதை நிறுத்தினாள். ஆட்டோக்காரர் ஒருவர் இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். தரையிலிருந்து வருவதைப் போல ஒரு ஒலி வந்தது. எந்த வாயிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. எல்லா வாயும் மூடியிருந்தது. சாலைக்கு நடுவில் அது தணிந்தது, அலுவலகத்தின் மதில் தெரிந்ததும் உயர்ந்தது. குழி கிடைத்தால் உயருமே, அந்த உயர்வு.

அலுவலக வாசலில் இன்ஸ்பெக்டர் வேகமாக வந்தார்.

“யாரு பாடுறது? பாடக்கூடாதுன்னு சொன்னேன்ல!”

பக்கத்தில் இருந்த ஏட்டு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

“யாரும் வாயத் தொறக்கல சார்.”

“அப்ப சத்தம் எங்கேர்ந்துய்யா வருது?”

“மூக்குலேர்ந்துங்க சார்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கும் உதடு ஒரு கணம் துடித்தது. மூக்கைப் பற்றி நிபந்தனையில் எதுவும் இல்லை. அவர் வேனின் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

கடலூரிலிருந்து ஜெகன் வந்திருந்தான். பாட்டுக்குத் தடை என்று தெரிந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று உடுக்கையை எடுத்து வந்தவன், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். தன் கையாலேயே வெட்டி எறிந்த சத்தம். உடுக்கையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

மேலே ஜன்னல்கள் திறந்தன. உள்ளே ஞானசேகரன் பேசிக்கொண்டிருந்தார். “மேடம், இவங்க யாரும் ஓடையில எறங்குனவங்களே கெடையாது. பாட்டுப் பாடுதே அந்தப் பொம்பள, அது குறிஞ்சிப்பாடி சூளைக்காரி. கூட்டம் காட்ட சூளையிலேர்ந்து ஆளுங்களை ஏத்திட்டு வந்திருக்குது.”

சப்-கலெக்டர் இளவயதுப் பெண். வெளியே ஒலி நிற்காததால் எழுந்து படியிறங்கி வந்தார். ஞானசேகரனும் பின்னால் வந்தார்.

“யாராவது என்கிட்ட பேசறீங்களா?”

முனகல் நின்றது. பறியை யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

“பேசலாம்மா. வாயத் தொறந்தா வேன்ல ஏத்துவேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னா தொறக்குறோம்.”

“தொறங்க. நான் சொல்றேன். அது என்ன வாயில?”

“பறிங்கம்மா. கை ரெண்டும் சேத்துல இருக்கும். இதுலதான் புடிச்சுப் போடுறது.”

“இவர் உங்களைச் சூளைக்காரங்கன்னு சொல்றாரே?”

பூங்காவனத்தின் முகம் சுண்டியது. மறுத்துவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு கட்டிய பாட்டு எதுவும் அவளிடம் இல்லை.

“நான் சூளையில பொறந்தவதான், அம்மா. அவுரு அதுல பொய் சொல்லல. இவுங்க ஓடையில பொறந்தவங்க.” பட்டம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணி, ஈன்னு காட்டு.”

“ச்சீ, ஆபீசருகிட்டயா?”

“காட்டுங்கறேன்.”

பட்டம்மாள் பறியை இறக்கி, வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். முன்பற்கள் இரண்டும் நடுவில் அரை வட்டமாகத் தேய்ந்திருந்தன. அரம் வைத்து அறுத்ததைப் போல வழவழப்பாக, ஒரு கயிறு சரியாக உட்கார்கிற அளவுக்கு. பக்கத்திலிருந்தவள் தானாகவே வாயைத் திறந்தாள். அதே பள்ளம். அதற்கடுத்தவளுக்கும். வாயைத் திறக்கக்கூடாது என்ற இடத்தில் வரிசை முழுக்கப் பெண்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தாலும் பள்ளம் தெரிந்தது.

சப்-கலெக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில் பூங்காவனத்தின் முன்னால் நின்றார்.

“உங்களுக்கு?”

அவள் காட்டினாள். பள்ளம் பட்டம்மாளுடையதில் பாதிகூட இல்லை.

“எனக்குக் கம்மிதாம்மா. நான் லேட்டா வந்தவ.”

“சூளையிலிருந்து வந்தவங்களுக்கே இவ்ளோ தேஞ்சிருக்கு,” என்றார் சப்-கலெக்டர், ஞானசேகரன் பக்கம் திரும்பாமலேயே. “சர்வேயரைக் கூப்பிடுங்க. இன்னிக்கே போறோம்.”

ஞானசேகரன் சட்டைப் பையில் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

பிறகு நடந்தது பத்திரிகைகளில் வந்ததுதான். ஓடை அளக்கப்பட்டது. கேட்டும் வேலியும் புறம்போக்கில்தான் நின்றன. ஓடையை இருளர்கள் வழிவழியாகப் பயன்படுத்தி வந்தது உறுதியாகிறது, அவர்களை யாரும் தடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. சூளைத் தரகர் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார். இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பட்டா இன்னும் வரவில்லை. அதற்கும் பாட வேண்டியிருக்கும். ஆனால் கேட்ட ஒன்று கேட்டபடி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். அந்த ஒன்று கிடைத்தது.

கேட்டைப் பெயர்த்த அன்றைக்குக் கரையில் திருவிழாக் கூட்டம். பரங்கிப்பேட்டையிலிருந்து பாய்மார்கள் சர்பத் அண்டாவோடு வந்திருந்தார்கள். ஆண்டி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக் கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். ஜே.சி.பி. வந்து நிற்கிறதே என்று சொன்னவர்களிடம், “இது ஒண்ணையாவது என் கையால புடுங்கிடறேன் மச்சான், நவுருங்க,” என்றான். கம்பம் சாய்ந்தபோது எழுந்த கூச்சலில் ஓடைக்கரை நாரைகள் மொத்தமாகப் பறந்தன.

நீர் வற்ற ஆரம்பித்திருந்தது. பெண்கள் பொறுக்கவில்லை. புடவையை வரிந்துகொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பட்டம்மாள் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

ஜெகன் கரையோரம் சேற்றில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தான். கையில் நீளக் கொம்பில் கட்டிய மைக்.

“அக்கா! பூங்காவனம் அக்கா! ஜெயிச்ச பாட்டு ஒண்ணு பாடுங்கக்கா! எல்லாரும் கேக்குறாங்க!”

பூங்காவனம் ஓடையின் நடுவில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் பிச்சாவரத்துக்காரி. கை இரண்டும் சேற்றுக்குள். பல்லில் பறி. கரையில் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஜெகனைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். மூக்கிலிருந்து மெல்ல ஒரு இழுவை புறப்பட்டது. பட்டம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். வரிசை முழுக்க ஓடி, பெயர்த்த கேட்டின் குழிகளைத் தாண்டி, உப்பாறு வரைக்கும் தண்ணீர் மேலேயே அது போயிற்று. சேற்றுக்குள் அவள் விரல்களில் என்னவோ துள்ளியது. முனகல் உயர்ந்தது.

ஜெகன் மைக்கைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திப் பிடித்தான். “யாரும் இருமாதீங்க,” என்று கரையைப் பார்த்துக் கத்தினான். “பாட்டு ஓடுது.”